கடையடைப்பு நாளின் கஞ்சி

கடையை மூடுவதற்கு எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகும் பாதையில் இருக்கிறது ஊர். பெட்ரோல் விலை ஏறினால் மூடுவோம். எங்கோ ஒரு கட்சிக்காரனுக்கு அடி விழுந்தால் மூடுவோம். கோபம் என்றால் ஷட்டரை இறக்குவது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அதனால், பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய கம்பெனியின் சூப்பர் மார்க்கெட் வருகிறது என்று தெரிந்ததும் வியாபாரிகள் சங்கம் கூடியது. அது திறக்கிற நாளில் ஊரிலுள்ள எல்லாக் கடைகளையும் அடைப்பது என்று முடிவானது. யாரும் அதில் தப்புக் காணவில்லை.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பள்ளிவாசல் தெருமுனையில் பலசரக்குக் கடை. கூட்டங்களில் வாய் திறக்காதவர், அன்று எழுந்து ஒன்று சொன்னாராம். போன ஹர்த்தாலில் பாதிப் பேர் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்து வியாபாரம் பார்த்தார்கள். இந்தத் தடவை எல்லோரும் சாவியைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். கை தட்டினார்கள். சாவிகளைப் போட்டுவைக்கக் காலி பிஸ்கட் டின் ஒன்றையும் அத்தாவே கொடுத்தார்.

அது நோன்பு மாதம். பள்ளிவாசலில் நோன்பு திறக்க ஊற்றும் கஞ்சிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கடைக்காரர் சாமான் கொடுப்பது எங்கள் ஊர் முறை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் அவர் கடையிலிருந்து போகும். 'இன்னைக்கு யார் கஞ்சி?' என்று கேட்டுக்கொண்டுதான் கோப்பையை எடுப்பார்கள். அத்தாவின் முறை வரும் நாளில் அவரோடு நானும் முன்வரிசையில் உட்காரலாம்.

அடைப்பு நாள் காலையில் ஊர்வலம். அம்மாவின் தம்பி, என் மாமா, மைக் பிடித்தார். எனக்கு ஒரு கறுப்புக் கொடி கிடைத்தது. பள்ளிக்கூடம் போகாமல் கொடி பிடித்து நடப்பது சுகமாக இருந்தது. பிற்பாடு எட்டாவதோடு நின்றுகொண்டதற்கு அது ஒரு வெள்ளோட்டம்.

பேருந்து நிலையத்தை நெருங்கும்போது புதுக் கடை வாசலில் பெருங்கூட்டம். "நம்மாளுக எத்தன பேரு வந்திருக்காங்க பாருங்க மச்சான்!" என்று மாமா மைக்கிலேயே கத்திவிட்டார். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் உள்ளே போக வரிசையில் நிற்பவர்கள். ஊரில் அன்று வேறு எங்கும் ஒரு தீப்பெட்டிகூடக் கிடைக்காது. எங்கள் தெருப் பெண்ணொருத்தி, இடுப்பில் குழந்தையோடு அத்தாவைப் பார்த்துக் கூசிப்போய்ச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்கண்ணா. பால்பொடி தீந்துபோச்சு. உங்க கட தொறந்திருந்தா அங்கதானுங்க வந்திருப்பேன்."

"போம்மா, கொழந்தைய வெயில்ல வெச்சுட்டு நிக்காத" என்றார் அத்தா.

அதற்குப் பிறகு மாமாவின் கோஷத்தில் சுருதி இறங்கிவிட்டது.

மதியம், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் வீட்டுக்கு வந்தார். "ராவுத்தரே, இன்னைக்குக் கஞ்சி உங்களுதாச்சே. சாமான் இன்னும் வரலீங்களே?"

சங்க அலைச்சலில் அத்தா அதை மறந்தே போயிருந்தார். அம்மா அரிசிப் பானையைக் கவிழ்த்தாள். கடைக்காரர் வீட்டில் இருப்பு இருக்காது. வேண்டியது வேண்டியபோது கடையிலிருந்து வரும். எங்கள் வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஆகிற அளவுதான் தேறியது. அக்கம்பக்கத்திலும் கடைக்காரர்கள்தான்.

"எதுக்கு யோசிக்கறீங்க மச்சான்? நான் போயி டின்ன எடுத்தாறேன்" என்றார் மாமா. "அஞ்சு நிமிசம் தொறந்துட்டு மூடிரலாம். அல்லா காரியத்துக்கு எவன் கேக்கப் போறான்?"

"சாவியக் குடுக்கணும்னு சொன்னவனே நாந்தான் மாப்ள. நானே தொறந்தா, மத்தவன் எதுக்கு மூடிட்டு உக்காந்திருக்கான்?"

மோதினார் செருப்பை மாட்டினார். "நேரமாச்சுங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே போகிறீர்கள் என்று அத்தா கேட்கவில்லை.

மாலையில் பள்ளிவாசலுக்குப் போனபோது கஞ்சி அண்டாவின் பக்கத்தில் புதுக் கடையின் மஞ்சள் பைகள் காலியாகக் கிடந்தன. விஷயத்தைக் கேள்விப்பட்ட அந்தக் கடை மேனேஜர் எல்லாச் சாமானையும் இனாமாகவே கொடுத்தனுப்பியிருந்தார். அவரும் வந்திருந்தார். மலையாளத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். அவருக்கும் நோன்பு. முகம் வாடிப்போயிருந்தது. ஆனாலும் வாளியை வாங்கி அவரே எல்லோருக்கும் ஊற்றினார். "இன்னைக்கு யார் கஞ்சி?" என்று யாரோ வழக்கம்போலக் கேட்டார்கள். மோதினார் இருமினார்.

எங்கள் முறை என்பதால் நான் அத்தாவை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேனேஜர் எங்களிடம் வந்து குனிந்து, அத்தா யாரென்று தெரியாமலே, "இக்கா, குறச்சுகூடி ஒழிக்கட்டே?" என்று மரியாதையாகக் கேட்டார், இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று.

"ஆய்க்கோட்டே, மோனே" என்று அவர் பாஷையிலேயே சரி சொல்லி அத்தா கோப்பையை நீட்டினார். விளிம்பு வரை ஊற்றினார் அந்தப் பையன்.

பாங்கு சொன்னதும் அத்தா ஒரு பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார். கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "நீ குடி."

முந்திரியும் தேங்காய்ப் பாலும் போட்ட கெட்டிக் கஞ்சி. இரண்டு கோப்பையையும் வழித்துக் குடித்தேன். திரும்பி வரும்போது, "நம்ம கஞ்சிக்கு மட்டும் முந்திரியே போட மாட்டேங்கறீங்களே அத்தா" என்றேன்.

"அடுத்த வருசம் போடலாம்டா" என்றார்.

அடுத்த நோன்புக்கு எங்களிடம் கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர்க்காரர் வந்துவிட்டார். அத்தா பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் எடை போடப் போனார். நான் திருப்பூர், வண்டன்மேட்டு ஏலக்காய் ஸ்டோர், லாரி என்று நின்ற இடத்தில் நிற்காமல் திரிந்தேன். நோன்பு மாதத்தில் எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊர்ப் பள்ளிவாசல் வரிசையில் உட்காருகிறேன். யார் கஞ்சி என்று கேட்பதில்லை.

அன்று மாலை மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு, அத்தாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்தபடி குடித்தேன். பாங்கு சொன்னால் எல்லோருக்கும் நோன்பு முடிந்துவிடும் என்றுதான் எனக்கு அப்போது தெரியும்.