இவரின் முதல் மனுசி

இவருக்கு ஒரு முதல் மனுசி இருந்தாள். கள்ளப் பாஸ்போட்டில் மட்டும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இவர் தப்பி வந்த காலத்தில், கள்ளமாக ஆள் அனுப்புகிற ஏஜென்ற் யாரோ ஒரு அக்காவைக் கூடச் சேர்த்துவிட்டு, "இனி நீங்கள் ரெண்டு பேரும் புருசன் பெண்சாதி" என்று சொல்லிவிட்டானாம். ரஷ்யா, உக்ரைன், ஸ்லோவாக்கியா என்று காடும் ஆறும் லொறியுமாக அலைந்து, கடைசியில் லண்டனுக்குப் பிளேன் ஏறினார்களாம். திருப்பி அனுப்ப முடியாதபடி, இறங்குவதற்கு முன் கக்கூசுக்குள் போய்ப் பாஸ்போட்டைக் கிழித்துத் தண்ணீரில் விடவேண்டும். பிடிபட்டால் ஒருவரையொருவர் தெரியாது என்று சாதிக்கவேண்டும். ஏஜென்ற் படிப்பித்த பாடம் அது.

சில வருசம் கழித்துத்தான் ஊரில் காத்திருந்த என்னை இவர் லண்டனுக்குக் கூப்பிட்டெடுத்தார். அந்த அக்காவை வைத்து நான் இவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று வாய் திறந்தால் போதும், "போங்கோ, உங்கட முதல் மனுசியட்டைப் போய்ச் சாப்பிடுங்கோ" என்பேன். இவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இவர் வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு, மகள் எங்களுக்கு டானியூப் நதியில் ஒரு கப்பல் பயணம் புக் பண்ணித் தந்தாள். ஜெர்மனியில் ஏறி ஹங்கேரியில் இறங்குவது. அதற்கிடையில் இவருக்குக் கொஞ்சம் மறதி தொடங்கியிருந்தது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு பஸ் ஸ்டொப்பையே விட்டுவிட்டு, எங்கேயோ போய் இறங்கி நின்றார். டொக்டரைப் பார்க்கத் திகதி கிடைத்தது, பயணத்துக்குப் பிறகுதான். போன மனுசனைப் போனபடியே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கிருந்த பயம்.

கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் எல்லோருடைய பாஸ்போட்டையும் வாங்கி வைத்தார்கள். அது வழக்கமாம். இவர் முகம் வெளிறிப் போயிற்று.

"ஏன் குடுத்தனீர்?"

"எல்லாரிட்டையும்தான் வாங்குகினம். இறங்கேக்க தருவினம்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்கள்" என்றார். மேசையை விட்டு நகரவே மனமில்லாமல் நின்றார்.

வியன்னாவில் ஊர் சுற்றிக் காட்ட வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் சிவப்புத் தட்டி ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். நாங்கள் அவள் சொல்வது கேட்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பின்னால் வரிசையாகப் போனோம். அவள் அரண்மனையைக் காட்டுகிறாள், இவரோ அவளுடைய காலையே பார்த்துக்கொண்டு நடக்கிறார். கால் உளைகிறது, எங்கேயாவது இருந்து ஒரு கோப்பி குடிப்போம் என்றேன்.

"சத்தம் போடாதையும்! பிந்தினால் விட்டிட்டுப் போயிடுவாங்கள்."

சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

ஸ்லோவாக்கியாப் பக்கம் வந்தபோது காடு ஆற்றங்கரை வரை இறங்கி நின்றது. மற்றவர்கள் மேல்தட்டில் வைனும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவரைத் தேடிக் கீழே போனேன். அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலில் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சருங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"கழட்டக் கூடாது. எப்ப ஓடச் சொல்லுவாங்களோ தெரியாது."

ஜாக்கெட்டைக் கொழுவி வைப்போம் என்று எடுத்தேன். கனத்தது. பொக்கற் நிறையக் காலைச் சாப்பாட்டுப் பாண் துண்டுகள், கடதாசியில் சுற்றியபடி. அதில் ஒன்றை எடுத்துச் சரிபாதியாகப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்கோ. இனி எப்ப கிடைக்குமோ."

கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்னோடு 'நீர்' போட்டுத்தான் கதைக்கிற மனுசன். "என்ன, மரியாதை கூடிப்போச்சு?" என்று பகிடி விட்டேன். அந்தப் பாணைக் கையில் வைத்தபடியே வெளியே வந்தேன். மகளுக்குப் போன் எடுத்து, ஹீத்ரோ ஏர்போட்டுக்கு வந்து நில் பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

புடாபெஸ்டில் பாஸ்போட்டுகளைத் திருப்பித் தந்தார்கள். இரண்டையும் என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிளேனில் இவர் அமைதியாக இருந்தார். கீழே வயல்களும் வீடுகளும் தெரியத் தொடங்கியபோது, "லண்டன் வரப்போகுது. என்ர பாஸ்போட்டைத் தாரும், கையில வச்சிருப்பம்" என்றார். லண்டன் என்று தானாகவே சொல்கிறாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடவுளே என்று எடுத்துக் கொடுத்தேன். இவர் எழும்பிப் பின்பக்கமாகப் போனார்.

போனவர் வரவில்லை. பெல்ற் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ என்று எழும்பி ஓடினேன். கக்கூஸ் கதவுக்குப் பின்னால் தண்ணீர் இழுக்கிற சத்தம், திரும்பவும் இழுக்கிற சத்தம். கதவைத் தட்டினேன், குத்தினேன். பணிப்பெண் ஓடி வந்தாள்.

இவர் கதவைத் திறந்தார். உதட்டில் இரத்தம். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"முடிஞ்சுது. அட்டைதான் கிழியேல்லை, பல்லால கடிச்சுக் கிழிச்சன். கெதியா உங்கடையையும் தாங்கோ, அக்கா."

கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

ஹீத்ரோவில் எங்களை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய் வாங்கில் இருத்தினார்கள். அதிகாரி என் மகளின் வயதுப் பெண். இவர் என் கணவர், இந்த நாட்டுப் பிரஜை, மறதி வருத்தம் என்று அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு இவர் பக்கம் குனிந்து, இந்தப் பெண்மணி யார், சேர் என்றாள்.

இவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"தெரியாது" என்றார் ஆங்கிலத்தில், உறுதியாக. "நான் தனிய வந்தனான்."

அவள் யாருக்கோ போன் எடுக்க எழும்பிப் போனாள். அவள் போகும்வரை காத்திருந்துவிட்டு, உதட்டை அசைக்காமல் மெல்லச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. அடிச்சாலும் உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டன். ஊரில என்ர மனுசி வழி பாத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டெடுத்தவுடன ரெண்டு பேருமா உங்களை வந்து பாக்கிறம். நல்ல பிள்ளை அவள், உங்களுக்குப் பிடிக்கும்."

"ஓம் தம்பி" என்றேன்.