யூதாசின் தாய்க்கு ஒரு பாட்டு

போன மாதம் கிள்ளானில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். தூரத்து உறவு, உயிரோடு இருந்தபோது அவரை நான்கைந்து கல்யாணங்களில் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் கச்சாங் கடலை. எல்லாம் வழக்கம்போல. ஆனால் உள்ளே ஒரு பெண் வாய்விட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அடடா, இந்தக் காலத்திலும் இப்படி அழ ஆள் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால், பெட்டியின் தலைமாட்டில் ஒரு கேசட் ரெக்கார்டர்.

"யாருப்பா அது பாடுறது?" என்று அந்த வீட்டுப் பையனிடம் கேட்டேன்.

"தெரியாது ஆன்டி. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில வாங்குனது. நல்லா அழுவுது, இல்ல?"

கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. யாரோ ஓடிப்போய் நாடாவைத் திருப்பிப் போட்டார்கள். திரும்பவும் அதே பெண், அதே அழுகை. செத்தது ஆண், அவள் அழுததோ யாரோ ஒரு தாயாருக்கு. யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சாம்பிராணிப் புகை வேறு கண்ணைக் கரித்தது. அந்தப் புகைதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் நிறுத்தியது.

அம்மா என்றால் ஏதோ சாது, புனிதவதி என்று நினைத்துவிடாதீர்கள். சோறு அடிப்பிடித்தால் கரண்டிக் காம்பு பேசும். நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த பிறகும் அடி வாங்கியிருக்கிறேன். காலையில் டீச்சர், சாயங்காலம் கரண்டிக் காம்பு. ஆனால் பாட வாயைத் திறந்துவிட்டால் அம்மா வேறு ஆள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கத்தோலிக்க வீடு, இந்து வீடு என்று பேதமில்லாமல் எந்தச் சாவுக்கும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவர் என்ன சாப்பிடுவார், எந்தக் காலில் நொண்டுவார், யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் பாட்டில் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து கட்டுவதுதான்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் மாதா புலம்பல் பாடுவதும் அம்மாதான். அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிலுவையில் இருக்கும் பாடுபட்ட சுரூபத்துக்குத் தோளில் மூட்டு வைத்திருப்பார்கள், கை மடங்கும். பிற்பகலில் ஏணி சாத்தி, ஆணியைக் கழற்றி, வெள்ளைத் துணியைக் கக்கத்தில் கொடுத்து மெதுவாக இறக்குவார்கள். இறக்கி முடியும்வரை கீழே மாதா சுரூபத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் மாதாவாகவே அழ வேண்டும். அவள் அடியை முடிக்கும்போது மற்றொருத்தி வாங்கிப் பாட வேண்டும். அப்படி வாங்கிப் பாடுவது நான். என் குரல் காக்காய்க் குரல். பெற்ற பெண் என்ற சலுகையில் கிடைத்த பதவி.

அம்மாவின் மாதா எருசலேமில் வாழ்ந்தவளாகத் தெரியாது. லாலாங் புல் காலைக் கிழிக்க நடந்து வருவாள். மகன் தாகம் என்றபோது ஒரு வாய் இளநீர் கொடுக்க ஆளில்லையே என்று அழுவாள். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, கோயில் காரியங்களையும் பார்த்துவந்த உபதேசியாருக்கு இது ஒத்துவராது.

"எருசலேமுல லாலாங் ஏதும்மா?" என்பார்.

"முள்ளு இருந்துச்சுல்ல உபதேசியாரே. அப்ப லாலாங்கும் இருந்திருக்கும்" என்பாள் அம்மா.

ஜப்பான்காரன் சண்டைக்குச் சில வருஷம் முன்னால், ஒரு கிறிஸ்துமஸுக்குக் கட்டிய விண்மீனை வாசலிலிருந்து நாங்கள் இன்னும் இறக்கவில்லை. அதற்குள் அந்தோணி அண்ணன் போய்விட்டான். ரயில் யார்டில் ஷண்டிங் வேலை. கூட்ஸ் பெட்டிகளைக் கோக்கிறவன். நல்ல மழை. பாதை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் சவரிமுத்து லீவரை மாற்றி இழுத்துவிட்டார். வேறு பாதைக்குப் போக வேண்டிய பெட்டிகள் அண்ணன் குனிந்து நின்ற பாதைக்கு வந்தன. அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

சவரிமுத்து எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தவர். அண்ணனோடு திடலில் பந்து விளையாடுவார், எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து தோசை கேட்டு வாங்கித் தின்பார். பெரிய வெள்ளியன்று அந்த வெள்ளைத் துணியின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையை அவரும்தான் பிடிப்பார்கள்.

அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தியபோது ஊரே அம்மாவின் வாயைப் பார்த்தது. அம்மா பாடவில்லை. அழக்கூட இல்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் பாடியவள் தன் பிள்ளைக்கு ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "பாடு ஞானம், மனசு ஆறும்" என்று பெண்கள் அம்மாவைப் பேர் சொல்லி உலுக்கினார்கள். அண்ணனின் கால் விரல்களைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது எனக்கு அன்றைக்குப் பெரிய குறை. இன்றைக்கும் குறைதான்.

விசாரித்து, சவரிமுத்துவின் கைத்தவறு என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். வீட்டை ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவசுக் காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அதை வீடு என்றா சொல்வது? அவர் மனைவி திரேசா குழாயடிக்கு வந்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய்விடுவார்கள். பிள்ளைகள் அவர் வீட்டைக் கடக்கும்போது "யூதாஸ், யூதாஸ்" என்று கத்திக்கொண்டு ஓடும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. என் அண்ணன் மண்ணுக்குள் கிடந்தான்.

ஒருநாள் காலை திரேசா எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அவரு சாப்பிட மாட்டேங்கிறாருக்கா. எந்திரிச்சா தண்டவாளத்துப் பக்கமே போறாரு. நேத்து ரெண்டு பேரு புடிச்சு இழுத்தாந்தாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எம்புள்ள ஒருத்தன் போனது போதும்" என்றாள்.

அப்பா எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார். "அவன் வீட்டுக்குப் போறதுக்கு எம் பானையில அரிசி கெடையாது."

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஒருசந்தி இருக்க ஆரம்பித்துவிட்டாள். தவசுக் காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருப்பதை யார் தடுக்க முடியும்? விட்ட வேளைச் சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போவாள். அவர் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாளாம். "நீ திங்காட்டி இன்னைக்கு இந்தச் சோறு யாருக்கும் இல்ல" என்பாளாம். வேறொன்றும் பேசமாட்டாளாம். குழாயடியில் எல்லோரும் தள்ளிப்போனால், தன் குடத்தைக் கொண்டுபோய்த் திரேசா குடத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். நேசிக்கச் சொன்ன இயேசு, இவ்வளவு நேசிக்கச் சொன்னாரா? அண்ணனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அவனைக் கொன்றவருக்கு வாய்ச்சோறா? அந்தக் கேள்வியை நான் அம்மாவிடம் கேட்டேன்.

"அவன் செத்துட்டா அந்தோணி வந்துருவானா?" என்றாள்.

பெரிய சனி காலையில் அல்லேலூயா பாடி முடித்ததும் வைக்கோலில் யூதாஸ் பொம்மை செய்து இழுத்து அடித்துக் கொளுத்துவது எங்கள் வாலிபர்களின் விளையாட்டு. எந்த ஊர் வழக்கமோ, மலாக்காவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது என்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் அம்மாவும் கோயிலுக்குப் போனபோது பொம்மை தயாராகிச் சுவரோரம் சாத்திக் கிடந்தது. காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான், கையில் பச்சைக் கொடி. வேலை போன அன்று சவரிமுத்து தூக்கி எறிந்த சட்டை அது. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வாசலில் நின்ற உபதேசியாரிடம், இந்த வருஷம் புதிதாக ஒரு அடி பாடப்போகிறேன், மாதா யூதாசின் தாயைத் தேடிப் போகிற அடி என்றாள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "யூதாஸ் நாண்டுக்கிட்டுச் செத்துட்டான்னு வேதத்துல இருக்கும்மா. அவனுக்கு எதுக்குப் பாட்டு?"

"மாதாவுக்கு அது இன்னும் தெரியாதுல்ல."

"அதெல்லாம் வேணாம். எப்பவும் பாடுறதப் பாடுங்க, போதும்."

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டியது சரி என்றா, முடியாது என்றா, அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஏணி ஏறி ஓர் ஆணியைக் கழற்றினார்கள். சுரூபத்தின் வலக்கை கீழே தொங்கியது. அம்மா பழைய அடிகளைப் பாடினாள், நானும் வாங்கிப் பாடினேன். பிறகு குரலை ஏற்றினாள்.

"ஆணி அறைஞ்ச புள்ள ஆறடியில் தூங்குதம்மா
நாணிப் பிரிஞ்ச புள்ள நடுக்காட்டில் நிக்குதம்மா
எம்மவனப் பெத்த வயிறு எரியிறது போதுமடி
உம்மவனக் கூட்டி வா, ஒரு வாய்ச் சோறு உண்ணட்டுமே."

நான் வாங்கவில்லை. வேண்டுமென்றேதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உபதேசியார் கையை உயர்த்தினார். அம்மா இரண்டாம் முறை தனியாகப் பாடினாள். அவள் முடித்த இடத்தில் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வாங்கியது. திரேசா. அழுகையில் பாதி வார்த்தை காணாமல் போயிற்று, ஆனாலும் விடாமல் பாடினாள். அப்போதுதான் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அண்ணன் செத்ததற்கு அம்மா அழுத அழுகை அதுதான். அவனுக்கென்று அவள் கட்டிய பாட்டும் அது ஒன்றுதான். அதிலும் பாதியை மற்றவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அம்மா எழுந்து கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனாள். சவரிமுத்து சாக்கடையோரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாராம். மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். ஒற்றைக் கை தொங்கியபடி சுரூபம் மேலேயே நின்றது. பெண்கள் சிலர் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வெள்ளைக்காரச் சாமியாருக்குத் தமிழ் அரைகுறை. இதுவும் எங்கள் சடங்கில் ஒன்று என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணன் பிடிக்கும் முனையை அன்று பிடித்திருந்தது அப்பா. மறுமுனையைப் பிடித்திருந்த பையனிடமிருந்து அம்மா துணியை வாங்கிச் சவரிமுத்து கையில் கொடுத்தாள். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. இருவருமாக இறக்கினார்கள்.

மறுநாள் பொம்மையை யாரும் கொளுத்தவில்லை. மழையில் ஊறிக் கிடந்தது, கோழிகள் வைக்கோலைக் கிளறின. சட்டையை யார் எடுத்துப்போனார்களோ தெரியாது.

ஆனால் இது சுபமாக முடிந்த கதை இல்லை. அடுத்த ஆண்டு முதல் புத்தகத்தில் உள்ளதை மட்டும் பாடுவது என்று முடிவாயிற்று. உபதேசியாரின் மகள் அச்சடித்ததைப் பார்த்து, பிசகாமல் பாடினாள். அம்மாவைச் சாவு வீடுகளுக்குக் கூப்பிடுவதும் குறைந்தது. அப்பா திரும்பப் பேச வெகுகாலம் ஆயிற்று. பேசினாலும் சவரிமுத்து பேரை எடுக்கமாட்டார். சவரிமுத்து குடும்பத்தோடு கிள்ளான் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு உயிர்ப்புத் திருநாளுக்கும் அம்மா தூக்கில் சோறு கட்டிக்கொண்டு ரயிலேறிப் போவாள். ஒருதரம்கூட நான் கூடப் போனதில்லை. அம்மாவும் வா என்று கூப்பிட்டதில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். பிறகு சவரிமுத்துவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்டவாளத்திலிருந்து அம்மா இழுத்துக் காப்பாற்றிய உயிரைத் தண்டவாளம் போடவே கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. சண்டை முடிந்து திரேசா என் வீட்டுக்கு வந்தாள். பிணமும் இல்லை, குழியும் இல்லை, அழுவதற்கு ஓரிடம் இல்லை என்றாள்.

"அம்மா பாடுனத ஒருதரம் பாடும்மா. எனக்கு வேற யாரு இருக்கா?"

பாடினேன். என் காக்காய்க் குரலில், அடுப்படியில் உட்கார்ந்து. மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கு எனக்கும் சாமிக்கும் நடுவில் இன்னும் தீரவில்லை. திரேசாவும் போய் வருஷமாகிறது. குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள். கோயிலில் சுரூபத்தை இறக்கும் வழக்கம் நின்றுவிட்டது. இப்போது இருக்கும் சுரூபத்துக்குக் கை மடங்காது.

கல்லறைத் திருநாளில் அண்ணன் குழியில் இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்துகிறேன். இரண்டாவது யாருக்கு என்று என் மகன் ஒருமுறை கேட்டான்.

"ஒங்க மாமாவோட வேலை பாத்தவரு" என்றேன்.

அம்மாவாக இருந்தால் பாடியிருப்பாள்.