சம்மதமாகப் பதிவான ஓம்

பத்தொன்பது ஆண்டுகள் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களைத் துடைத்துப் புஷ்பமலரின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பியது. முதல் ஆறு மாதம் பரீட்சார்த்த காலம். அதிலும் முதல் மூன்று கிழமை உண்மையான மனிதர் எவருடனும் பேச விடவில்லை. கணினித் திரையில் ஒரு செயற்கை வாடிக்கையாளர், பெரும்பாலும் ஓர் இளம்பெண், தோன்றிக் கேள்வி கேட்பார், கோபிப்பார், முகம் சிவப்பார். பதில் பொருந்தினால் திரையோரத்தில் பச்சைக் கோடு உயரும். தயங்கினால் இறங்கும். முடிவில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று வரும்.

புஷ்பமலருக்கு அது பிடித்திருந்தது. அவர் துடைத்த தரைக்கு எவரும் ஒருநாளும் நட்சத்திரம் கொடுத்ததில்லை. மனப்பாடம் செய்த வாக்கியங்களை வீட்டில் கணவர் லோறன்ஸிடமும் பழகிப் பார்த்தார்.

"கறியில உப்பில்லையப்பா."

"உங்கட கவலை எனக்கு நல்லா விளங்குது."

"இருபத்திரண்டு வரியத்தில இண்டைக்குத்தான் விளங்கியிருக்கு. உந்தக் கொம்பியூட்டர் பெட்டை உப்புப் போடவும் சொல்லித் தருவாவோ?"

அந்தப் பயிற்சியில் இரண்டு விதிகள் இருந்தன. வாடிக்கையாளர் பேச்சை வேறு பக்கம் திருப்பினால், கவலை விளங்குகிறது என்று சொல்லி அவரைப் பழைய இடத்துக்குக் கூட்டி வர வேண்டும். அவர் வாயிலிருந்து 'யா', அதாவது ஜெர்மன் மொழியில் 'ஆம்', வந்த உடனே சம்மதப் பொத்தானை அழுத்த வேண்டும். இன்னொரு தரம் கேட்டால் அவருக்குச் சந்தேகம் பிறக்கும், பச்சைக் கோடு இறங்கும்.

மார்ச் மாதத்தில் சோதிலிங்கம் அழைத்தார். எழுபத்துநான்கு வயது. தொலைபேசி இரைகிறது என்று முறைப்பாடு. முதல் வாக்கியத்திலேயே அந்த ஜெர்மன் மொழிக்குள் இருந்த யாழ்ப்பாணம் புஷ்பமலருக்குக் கேட்டது. ஆனால் அழைப்புகள் ஒலிப்பதிவாகும், ஜெர்மனில் மட்டுமே பேசலாம் என்பது நிறுவனத்தின் கட்டளை. இரைச்சலுக்கு நிறுவனம் வைத்திருந்த தீர்வு புதிய இணைப்பு; பழையதை நிறுத்திப் புதியதற்கு மாற்றும் ஒப்பந்தத்தைப் புஷ்பமலர் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் மறுமுனையிலிருந்து "யா, யா" என்று வந்தது. நடுவில் கிழவர் தட்டுத் தடுமாறி, "என் மனைவி... பொத்தான்..." என்றார்.

"உங்கள் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது" என்றார் புஷ்பமலர். மிச்சத்தையும் வாசித்தார்.

"யா, யா."

அழுத்தினார்.

யாழ்ப்பாணத்து நம் ஆட்கள் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள்; தொலைபேசியில் 'ஓம், ஓம்' என்றால் அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்றுதான் பொருள். அதையே கிழவர் ஜெர்மனில் சொன்னார். பயிற்சி கொடுத்த இயந்திரத்தைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. புஷ்பமலருக்குத் தெரியும்.

ஏழே நிமிடத்தில் முடிந்த அந்த உரையாடலின் ஒலிப்பதிவு புஷ்பமலரின் குழுத்தலைவிக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. 'மொழி குறைந்த வாடிக்கையாளர்' என்று பெயரிட்டு, குரலை மாற்றி, அதையும் ஒரு பயிற்சியாக்கினார்கள். ஏப்ரலில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண் கிறிஸ்ரினாவுக்கு அதைப் பழக்கும் பொறுப்பு புஷ்பமலரிடமே வந்தது. திரைக் கிழவர் "யா, யா" என்றார். கிறிஸ்ரினாவின் விரல் சம்மதப் பொத்தானை அழுத்தாமல் நின்றது.

"அக்கா, உவர் எங்கட ஆளெல்லோ! ஓம் ஓம் எண்டு சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். இதுக்கு என்னெண்டு அமத்திறது?"

"அமத்து. புள்ளி குறையுது."

"உங்களுக்கு விளங்கேல்லையே?"

"விளங்குது. நீ அமத்து."

அன்று வீட்டில் லோறன்ஸ் எதையோ கேட்க, "ஓம்" என்று சொல்ல வாயெடுத்த புஷ்பமலர் தலையை மட்டும் ஆட்டினார்.

மே மாதம் முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. சோதிலிங்கத்தின் மனைவி கனகவல்லியின் கழுத்தில், விழுந்தால் அழுத்துவதற்கு ஓர் அவசரப் பொத்தான் தொங்கியது. அது பழைய இணைப்போடு பொருத்தப்பட்டிருந்தது. இணைப்பு மாறியதும் செத்துப்போனது. கணவர் கடைக்குப் போயிருந்த நேரம் அவர் குளியலறையில் விழுந்தார். இரண்டு மணித்தியாலம் பொத்தானை அழுத்திக்கொண்டே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்தது. 'வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்தார்' என்ற வரிக்கு எதிரே புஷ்பமலர் ஒரு புள்ளடி, ஒரு X குறி, போட்டால் போதும், விவகாரம் முடிந்துவிடும். பரீட்சார்த்த காலம் முடிய இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன.

அவர் புள்ளடி போடவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் ஜெர்மனில் எழுதினார்: 'அவர் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போதே தெரியும்.'

குழுத்தலைவி கூப்பிட்டுக் கேட்டார்: "யா என்றால் யாதானே?"

"அவரிடம் இல்லை" என்றார் புஷ்பமலர். "அந்தப் பயிற்சியையும் எடுத்துவிடுங்கள்."

நிறுவனம் பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்தது. தவறு என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. 'நல்லெண்ணத்தின் பேரில்' என்று இருந்தது. ஒரு கிழவியின் இடுப்பை உடைத்துவிட்டு நல்லெண்ணம் பேச, நெஞ்சில் கொஞ்சமும் கூச்சம் இருக்கக் கூடாது. பயிற்சி எடுக்கப்படவில்லை. பதினோராம் நாள், வேலை நீடிக்கப்படாது என்ற கடிதம் புஷ்பமலருக்கும் வந்தது. அதற்காக அவர் அழவில்லை.

அடுத்த சனிக்கிழமை, முறைப்பாட்டுக் கடிதத்தில் பார்த்த முகவரியைத் தேடி, சோதிலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். கனகவல்லி இன்னும் மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தார். கிழவரே தேத்தண்ணி போட்டு வந்து வைத்தார்.

"அண்ணை, அண்டைக்கு ரெலிபோனில உங்களோட கதைச்சது நான்தான்."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம்."

"நீங்கள் தமிழ் எண்டு தெரியும். ஓம் எண்டு சொன்னது என்னத்துக்கெண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அமத்தினனான்."

"ஓம்."

"அக்கான்ர பொத்தானைப் பற்றிச் சொல்ல வந்தனீங்கள். நான் விடேல்லை."

"ஓம், ஓம்."

புஷ்பமலர் காத்திருந்தார். மன்னித்துவிட்டாரா, அல்லது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா? அந்த 'ஓம்' எந்த ஓம் என்பது புஷ்பமலருக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாம். அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது. தேத்தண்ணி ஆறும்வரை இருந்துவிட்டு, குடித்து முடித்து எழுந்தார்.

"வாறன் அண்ணை."

"ஓம்" என்றார் சோதிலிங்கம்.