எனக்கென்று ஒரு சீட்டு

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். வேண்டுதலைச் சின்னச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பாஸ்டரம்மா வாசித்து ஜெபிப்பார்கள். வருஷக் கடைசியில் அவரவர் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பித் தருவார்கள், கர்த்தர் கொடுத்ததை நினைத்து நன்றி சொல்ல.

போன வருஷம் என்னுடைய கட்டுதான் எல்லாருடையதையும்விடப் பருமன். பாஸ்டரம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல உங்களுக்குன்னு ஒண்ணுகூட இல்லையேம்மா. அடுத்த வாரம் எழுதிட்டு வாங்க" என்றார்கள்.

சுலபம் என்று நினைத்தேன். ஹைதராபாத் சனத்நகரில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றபடி யோசித்தேன். முழங்கால் வலி போகணும் என்று எழுதலாமா? வலி போனால் நின்று தோசை சுடலாம், அது வீட்டுக்கு. புது ஃபிரிட்ஜ்? அது ஐஸ் தண்ணீருக்கு அலைகிற மகளுக்கு. எந்த ஆசையைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆட்டோவுக்குக் காத்து நின்றேன். எங்கள் சபை அக்கா ஒருத்தி, என்னைவிட மூன்று வயது மூத்தவள், துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் ஜம்மென்று போனாள். எனக்குச் சுள்ளென்று பொறாமை. வீட்டுக்கு வந்து, முழங்கால் படியிட முடியாததால் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பாவமன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது ஜெபம். எத்தனையோ பேருடைய நகையைப் பார்த்து வராத பொறாமை இவளைப் பார்த்து ஏன் வந்தது?

மன்னிப்பையும் கேட்டு முடித்தேன், சீட்டையும் எழுதினேன்.

"ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கணும். எங்கேயும் போக இல்லை, சும்மா ஓட்டணும்." பாஸ்டரம்மா வாசித்ததும் கூட்டமே சிரித்தது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். காலேஜ் படிக்கிற மகள் என் காதில், "நக்கோ மம்மி, வேண்டாம், ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். பாஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு ஜெபிப்பது போலவே எனக்கும் ஜெபித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த புதன் பெட்டியில் வீட்டுக்காரர் கையெழுத்தில் ஒரு சீட்டு. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் பூட்டியிருக்கும், தொழிற்பேட்டை ரோட்டில் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன், எனக்குப் பொறுமையும் அந்த வழியாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு ஆமென் சொன்னதில் மகள் சத்தம்தான் பெரிது.

இப்போது பால் பூத் வரைக்கும் ஸ்கூட்டரில் தனியாகப் போய்த் திரும்புகிறேன். பால் வாங்குவதில்லை.