முடிவைச் சொல்லாதே, அம்சா

பொறாமைக்குக் கையும் காலும் முளைத்து ஒரு சுங்குடிச் சேலையும் கட்டிவிட்டால் அதுதான் பிள்ளையார்பாளையத்து அம்சா. கெட்டவள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. ஆத்திர அவசரத்துக்கு முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். ஆனால் அடுத்தவருக்கு ஒரு நல்லது நடந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிறவி.

அஞ்சு பெண்களில் நாலாவதாகப் பிறந்தவள். சின்ன வயதில் வாயைத் திறந்தாலே "சும்மா கெட" என்று அடக்கிவிடுவார்கள். கட்டிக்கொண்ட நமச்சிவாயம் தங்கமான மனுஷர்; அவள் பேசினால் 'உம்' கொட்டுவார், காது மட்டும் கிரிக்கெட்டில் இருக்கும். இப்படி நாற்பத்தாறு வயது வரைக்கும் ஒரு ஆளும் காது கொடுக்காதவளுக்கு, பக்கத்துத் தெரு சைதுன் வீட்டுக் கூடத்தில்தான் ஒரு கூட்டம் கிடைத்தது.

சைதுனின் புருஷன் பட்டுச்சேலை வியாபாரி. முந்தானைக்குக் குஞ்சம் கட்ட அஞ்சாறு பெண்கள் அந்தக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். டிவி போட்டால் கண் அங்கே போய் முடிச்சு கோணிவிடும் என்பதால் வேலை நேரத்தில் டிவி கிடையாது. காது சும்மாதானே இருக்கிறது? அம்சா அதைப் பிடித்துக்கொண்டாள். 'மூன்று நிலா ராஜ்ஜியம்' என்று அஞ்சு பாகக் கதை, வெளிநாட்டுக்காரன் எழுதித் தமிழில் வந்தது. நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துப் படித்து, மறுநாள் குஞ்சம் கட்டிக்கொண்டே சொல்வாள். பேச்சு பறிபோன ராணி, இறக்கை வெட்டுப்பட்ட குதிரை, செத்தும் சாகாத மந்திரவாதி. எட்டு மாசம் ஓடியது. கேட்பவர்கள் எல்லாம் சினிமாப் பைத்தியங்கள், மந்திரவாதி வேஷத்துக்கு யாரைப் போடலாம் என்று அடிதடியே நடக்கும். ஒருநாள், கூடக் குஞ்சம் கட்டுகிற மகாலட்சுமி கதை கேட்டு அழுதே விட்டாள். அன்றைக்கு அம்சாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அஞ்சாம் பாகத்தில் கடைசி நாலு அத்தியாயம்தான் பாக்கி. புதன்கிழமை காலையில் அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கும்போது சைதுன் குறுக்கே பாய்ந்தாள்.

"இரு அம்சா. அந்தக் கதை படமா வந்துருச்சாம். வாடகைக்கு எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துருங்க, பெரிய டிவியில பாக்கலாம்."

"மாசாமாசம் சந்தா கட்டிக்கினுதானே இருக்கீங்க? அதுலயே வராதா?" என்றாள் மகாலட்சுமி.

"சந்தா வேற, வாடகை வேறமா. புதுப் படம் சந்தாவுல உடனே வராது. எங்க அண்ணன் மவன் ரியாஸ்தான் எடுத்துக் குடுத்தான். ஒரு தடவை பிளே அமுக்கிட்டா ரெண்டே நாளு, அப்புறம் தானா பூட்டிக்குமாம். அதான் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அஞ்சு பாகத்தை ரெண்டரை மணி நேரத்துல எப்படி எடுப்பான்? பாதியை வெட்டியிருப்பான்," என்றாள் அம்சா.

"வெட்டுனா வெட்டட்டும். நீ முடிவை மட்டும் சொல்லாதேம்மா தாயே! தெரிஞ்சா படம் சப்புன்னு ஆயிடும்." மகாலட்சுமி கும்பிட்டே விட்டாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அம்சாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தொண்டை வறள எட்டு மாசம் இழுத்து வந்தவள் வாயில் கடைசி நேரத்தில் துணியை வைத்து அடைத்துவிட்டார்களே! இந்தச் சைதுனுக்கு வீடு இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, சுவர் அகலத்துக்கு டிவி இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரே ஒரு கதை. அதுவும் பொறுக்கவில்லையா இந்த மகராசிக்கு?

வியாழக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். சைதுன் உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். கூடத்தில் அம்சா மட்டும்தான். டிவியைப் போட்டாள், சத்தத்தைக் குறைத்தாள். வாடகைக்கு எடுத்த படம்தான் முதலில் வந்து நின்றது. ஒரே அமுக்கு.

கறுத்த வானத்தில் மூன்று நிலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. பாவி, எவ்வளவு அழகு! தன் வாயால் ஒருநாளும் அப்படிக் காட்ட முடிந்ததில்லையே என்று அதற்கும் எரிந்தது. சட்டென்று அணைத்துவிட்டு வந்து குஞ்சத்தை எடுத்தாள். ரெண்டு முடிச்சு கோணிப்போய், பிரித்துப் போட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. மகாலட்சுமி ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு தூக்கு நிறைய சுண்டலோடு வந்து இறங்கினாள். சைதுன் ரிமோட்டை அழுத்தினாள். வாடகைக் காலம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான்.

சைதுனுக்குச் சந்தேகம் நேராக மகள் மேல் போயிற்று. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அம்பரீனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நீதானே? சாயங்காலம் வந்ததும் அதைத்தானே நோண்டுற!"

"இல்ல அம்மி! அல்லா மேல ஆணையா நான் தொடலை."

"ஆணை வேறயா?" என்று எல்லோர் முன்னாலும் பளாரென்று ஒன்று விட்டாள். பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது.

"வுடுங்க, சின்னப் புள்ள," என்றாள் மகாலட்சுமி. "படம் போனா இன்னா, நம்ம அம்சா இருக்குதே. நீயே முடிவைச் சொல்லிடும்மா."

இதற்குத்தானே ஆசைப்பட்டாள்? எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. அம்சா ஆரம்பித்தாள். "ராணி கோட்டை வாசல்ல வந்து நிக்கிறா..." உள்ளே விசும்பல் கேட்டது. "வந்து நிக்கிறாளா, அப்போ அந்த மந்திரவாதி..." விசும்பல் நிற்கவில்லை. மந்திரவாதி என்ன செய்தான் என்றே மறந்து தொலைத்தது.

"சைதுன், புள்ளைய வுட்டுரு. நான்தான் அமுக்குனேன். வியாழக்கிழமை, நீ தொழுதுக்கினு இருந்தப்போ."



"ஏன்?" என்றாள் சைதுன்.

"நான் சொல்லிக்கினு இருந்த கதை அது. உன் டிவி வந்து புடுங்கிக்கிச்சு."

சைதுனுக்குக் கண் சிவந்துவிட்டது. "அடிப் பைத்தியக்காரி! எனக்கு மந்திரவாதியும் குதிரையும் கேக்குதா? அழுவாச்சிப் படம் பாக்குறவ நான். கதை சொல்லும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. அந்தக் கதையைப் பெரிசா நீ ஒரு தடவை பாக்கணும்னு உனக்காகத்தான்டி எடுத்தேன்."

விறுவிறுவென்று உள்ளே போய், மகளைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்து கூட்டி வந்தாள். அம்சா அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல ஆன்ட்டி," என்றது, முகத்தைப் பார்க்காமலே. சைதுன் படத்தை மறுபடி வாடகைக்கு எடுத்தாள். அம்சாவைத் தோளைப் பிடித்து நட்டநடுவில் உட்கார வைத்தாள். "வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

படம் நன்றாகவே இருந்தது. ராணிக்குப் பேச்சு திரும்பி வந்தபோது எல்லோரும் அழுதார்கள், அம்சாவும் அழுதாள். ராணிக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பாதி அழுகை வெட்கத்தில் வந்தது. மீதி, சொல்லவே வாய் கூசுகிறது, பொறாமையில் வந்ததுதான். வீட்டையும் டிவியையும் கொடுத்த ஆண்டவன், இவ்வளவு பெரிய மனசையும் இவளுக்கேதான் கொடுத்துத் தொலைக்க வேண்டுமா?