ஆக்சிலுக்குள் புகுந்த கடல்

டிரெயின் பிளக்கைத் திருகியதும் பால் காப்பி நிறத்தில் ஆயில் கொட்டியது. லேசாக நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. லூர்து அண்ணாச்சியின் டிராக்டர், ஃப்ரண்ட் ஆக்சிலில் கடல்தண்ணீரோடு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது அது மூன்றாவது முறை.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. கரைக்கு வரும் வள்ளங்களைக் கயிறு கட்டி மணலுக்கு இழுப்பதுதான் அந்த வண்டியின் வேலை.

"புது சீல்தானலே போட்ட? பொறவு எப்பிடி தண்ணி வருது?"

"ஆக்சில் முங்குற அளவுக்கு எறக்குதியளா அண்ணாச்சி?"

அண்ணாச்சி வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

சக்கரத்தின் ஹப்பைக் கழற்றினேன். வலை நூல் சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்திருக்கும் என்று நினைத்தேன். சீலில் ஒரு கீறல்கூட இல்லை. புது ஆயில் ஊற்றிக்கொடுத்து, மறுநாள் நானே அவர் ஊருக்குப் போனேன்.

வள்ளங்களை எல்லாம் ஏற்றி முடித்திருந்தார். ஆட்கள் மீனோடு கலைந்துபோனதும் டிராக்டரைத் திருப்பிக் கடலுக்குள் விட்டார். முன்சக்கரங்கள் முங்கின. எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போன என்னை அவர் மனைவி பிரகாசியக்கா தடுத்தார்கள்.

"வேண்டாம் தம்பி. மவன் வள்ளம் கவுந்ததுலேர்ந்து தெனமும் இப்பிடித்தான். கூடப் போனவங்க பொணமெல்லாம் கெடச்சிது. எம் புள்ள மட்டும் கரைக்கு வரல. வந்தா மொதல்ல அவுக பாக்கணுமாம்."

வேலை செய்து சூடான ஆக்சில் கடலில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். மேலே காற்று போய்வர இருக்கும் பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

வெகுநேரம் கழித்து அவர் டிராக்டரோடு கரையேறினார்.

"கண்டுபிடிச்சிட்டியாலே?"

"பிரீதர் தண்ணிக்குள்ள முங்குது அண்ணாச்சி."

"அப்பம் எறக்கக் கூடாதுன்னு சொல்லுவ."

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அலையில் நனைந்த அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எறக்குங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பிரீதரில் நீளமான ரப்பர் ஹோஸ் மாட்டி, தண்ணீர் எட்டாத ஸ்டியரிங் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கிளாம்ப் போட்டேன். அவர் பக்கத்தில் குந்தி, ஹோஸைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஆயில் கெடவில்லை. பையன் கரைக்கு வரவேயில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் புகும் வண்டியைக் கழற்றும் முன், அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சில காரணங்களை நம்மால் சரிசெய்ய முடியாது. ஹோஸைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டலாம், அவ்வளவுதான்.