பதினேழாம் கிணற்றுச் சல்லடை

அவளை ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் மணலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளியும் அப்படித்தான். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடமாக ஒரே மேசை, ஒரே ஜன்னல். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து டப்பாவில் வரும் மணலைப் பிசுக்குப் போகக் கழுவி, உலர்த்தி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எட்டுச் சல்லடைகளில் சலித்து, எந்தப் பருமனில் எவ்வளவு நின்றது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

கேட்பதற்குச் சாதாரண வேலைதான். ஆனால் எண்ணெய் பூமிக்கு அடியிலிருந்து தனியாக வருவதில்லை, மணலையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. கிணற்றுக்குள் இருக்கும் பம்பின் உருளைக்கும், அதற்குள் ஏறி இறங்கும் தண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான் உண்டு. அதில் மணல் புகுந்தால் எஃகை அரம் போட்டதுபோல் அராவிவிடும், அல்லது தண்டை ஒரேயடியாகக் கவ்விக்கொள்ளும். அதனால் பம்புக்கும் கீழே, கிணற்றின் அடியில், உடம்பெல்லாம் கீறல் போட்ட சல்லடைக் குழாயை இறக்குவார்கள். கீறல் அகலமானால் மணல் உள்ளே வந்துவிடும். குறுகினால் அடைத்துக்கொண்டு எண்ணெயும் வராது. எவ்வளவு அகலம் என்பதை மணலக்காவின் தாள்தான் சொல்லும்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். வாசலில் செருப்பைத் தட்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. "கதவுக்கும் ஒரு சல்லடை மாட்டிரலாமா?" என்பார் பேருந்துப் பணிமனையில் மின்வேலை பார்க்கும் அவள் கணவர். அவள் சிரிக்கமாட்டாள். மாட்டலாமா என்று ஒரு நொடி யோசிப்பாள்.

அவளுடைய அண்ணனும் இதே எண்ணெய் வயலில்தான் வேலை பார்த்தார். கிணற்றுக்குள் குழாய் இறக்கும், இழுக்கும் குழுவுக்கு அவர் மேஸ்திரி. அவளுக்கு இந்த வேலை கிடைக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவரும் அவர்தான். ஆனால் இரண்டு வருடமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

நடந்தது இதுதான். ஒரு கிணற்றில் மணல் அள்ளும் வாளியை மூன்று முறை இறக்கியும் அது வெறுமனே வந்திருக்கிறது. அண்ணனின் குழுவில் யாரோ, வேலை முடிந்தால் சரி என்று, பாதையோர மணலை அள்ளி டப்பாவில் போட்டு எண்ணெயைத் தெளித்து அனுப்பிவிட்டார்கள். மணலக்கா பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதில் ஒரு புல்வேர் கிடந்தது. மூவாயிரம் அடிக்குக் கீழே புல் முளைக்காது. அவள் அதை அப்படியே அறிக்கையில் எழுதினாள். மேஸ்திரியை மூன்று மாதம் பணியிடைநீக்கம் செய்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் அவர் கேட்டார். கேட்டிருக்கலாம்தான். அதற்குப் பிறகு அவர் அவளுடைய எண்ணைத் தன் போனில் தடைசெய்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

காலை ஒன்பதரை மணி. முடிந்த மாதிரிகளின் மிச்ச மணலைப் பொட்டலமாகக் கட்டி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் கிணறு என்று எழுதிய பொட்டலத்தில் ஓரம் கிழிந்திருந்தது. வேறு தாளில் மாற்றலாமென்று பிரித்துக் கொட்டினாள். கொட்டியதைப் பார்த்ததும் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மணலில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள் இருந்தன.

சிப்பி இருந்தது பதினொன்றாம் கிணற்று மணலில். கழுவும்போது அவள் விரலில் குத்தியதே, அது நன்றாக நினைவிருந்தது. பதினேழில் சிப்பி கிடையாது. அது மாவு மாதிரி நைசான மணல்.

அன்று இரண்டு தட்டுகளையும் ஒன்றாக உலர்த்தும் அடுப்பில் வைத்திருந்தாள். நடுவில், சூடு சமமாகப் படட்டும் என்று தட்டுகளை இடம் மாற்றினாள். அடையாளச் சீட்டுகளை எடுத்து மறுபடி வைத்தவளும் அவள்தான். வேறு யாரும் அந்த அடுப்பைத் தொடவில்லை.

பதினொன்றுக்கு இன்னும் குழாய் போகவில்லை. ஆனால் பதினேழாம் கிணற்றுக்கு, அவள் தாளை நம்பி, அகலக் கீறல் போட்ட குழாய்கள் போய்விட்டன. அவை இறங்கும் நாள் இன்றுதான். சுவரில் மாட்டியிருந்த பணிப்பட்டியலில், யார் இறக்குகிறார்கள் என்பதும் எழுதியிருந்தது. அவளுடைய அண்ணனின் குழு.

பதறிப் போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நிச்சயமாகத் தெரியவேண்டும். முத்திரை உடைக்காத இரண்டாவது டப்பா கீழ் அடுக்கில் இருந்தது. அதை உடைத்து ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவினாள், உலர்த்தினாள், சலித்தாள். இருபது நிமிடம் ஓடவேண்டிய இயந்திரத்தின் முன்னால் நின்று, கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். இயந்திரம் நின்றது. மேல் சல்லடைகள் நான்கிலும் ஒன்றுமே இல்லை. எல்லாம் அடிச் சல்லடைகளுக்குப் போய்விட்டது. விரலால் தொட்டால் முகப்பவுடர்.

மணி பத்தே முக்கால். மேலாளர் அறைக்கு ஓடினாள்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார். இறக்குறத நிறுத்தச் சொல்லணும். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார். அந்தக் கீறல்ல இந்த மணல் நிக்கவே நிக்காது. நேரா பம்புக்குப் போயிடும். நாலு மாசம் தாங்காது."

"மணல் கிணத்துல மணல் வராம பூவா வரும்? பம்பு தேஞ்சா மாத்துவாங்க. யாரும் உங்கள வந்து கேக்கப்போறதில்ல. போங்க, போய் தண்ணி குடிங்க. முகமெல்லாம் வேர்த்துருக்கு."

அவள் வெளியே வந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. வயல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மேலாளர் சொல்லாமல் நிறுத்த முடியாது என்றார்கள். அண்ணனுக்குப் போன் செய்தாள், போகாது என்று தெரிந்தே. போகவில்லை.

கிணற்றில் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். குழாயைத் துண்டு துண்டாக இணைத்து அடிவரை இறக்குவார்கள். இறங்கியதும் மேலிருந்து அழுத்தம் கொடுத்து, குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பை இறுக்குவார்கள். இறுக்கிவிட்டால் அவ்வளவுதான். அதை மறுபடி வெளியே எடுப்பது நாள்கணக்கில் போராட்டம், சில வேளை வரவே வராது.

வாசலில் பம்புப் பட்டறை லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பதினேழுக்குப் போகணும். அவசரம்."

"நான் போறது ஒன்பதாங் கிணத்துக்குக்கா," என்றார் ஓட்டுநர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க," என்றார்.

நாற்பது நிமிடப் பாதை. மடியில் இரண்டு பொட்டலங்கள். வழியெல்லாம், போனவுடன் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு வாக்கியமும் உருப்படியாக வரவில்லை. புல்வேரைப் பார்த்த அன்று எவ்வளவு உறுதியாக எழுதினோம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பதினேழாம் கிணற்றுக் கோபுரம் தெரிந்தபோது, குழாய் அடுக்கியிருந்த சட்டத்தை முதலில் பார்த்தாள். காலி. எல்லாம் உள்ளே போய்விட்டது. அழுத்தம் கொடுக்கும் வண்டியின் குழாயைக் கிணற்றுத் தலையில் இருவர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநரின் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடினாள். அது பெரிதாக இருந்து கண்வரை இறங்கியது. கோபுரத்தின் மேடையில் அண்ணன் நின்றிருந்தார். இரண்டு வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறினாள்.

"மேஸ்திரி!"

அவர் திரும்பினார். அந்தச் சொல் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"யாரு உள்ள விட்டது இவங்கள?"

"நிறுத்துங்க. இந்தக் குழாய் இந்தக் கிணத்துக்கு இல்ல. சீட்டு மாறிப்போச்சு. நான்தான் மாத்தி வச்சுட்டேன். என் தப்பு."

ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வண்டிக்காரர் கையில் வால்வோடு நின்றார்.

"லேப்காரங்க தப்பு பண்ணுவாங்களா?" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாதே."

அவள் பொட்டலங்களை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மேஸ்திரி, அழுத்தம் ஏத்தலாமா? ரொம்ப நேரம் தொங்கவிட்டா மணல் சுத்திக்கும்," என்று வண்டிக்காரர் கத்தினார்.

அவர் சொன்னது உண்மை. குழாயை அசையாமல் வைத்திருந்தால் மணல் இறங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று இறுக்கவேண்டும், இல்லை இழுக்கவேண்டும். நிறுத்திவைத்து யோசிக்கவும், மேலே கேட்டுப் பதில் வாங்கவும் நேரமில்லை.

"உங்க மேலாளர் என்ன சொன்னாரு?"

"பேசாம இருக்கச் சொன்னாரு."

அண்ணன் பணிப் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "எழுது."

அவள் எழுதினாள். மாதிரிகளை மாற்றியது நான், சல்லடைக் குழாயை வெளியே எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே பெயரெழுதிக் கையெழுத்திட்டாள். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"வண்டியக் கழட்டுங்கடா. இழுக்கறோம்."

முதல் குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும். பிறகு வரிசையாக ஒன்றரை மணி நேரம் வந்துகொண்டே இருந்தது. அவள் வேலி ஓரமாக வெயிலில் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

அடி நெருங்கும்போது எடை காட்டும் முள் திடீரென்று எகிறியது. கம்பிவடம் முறுக்கேறி முனகியது. கீழே மணல் குழாயைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாரும் தள்ளிப் போங்க!" வடத்தின் பிரேக்கைப் பிடித்திருந்தவரை விலக்கிவிட்டு அண்ணன் தானே கைப்பிடியைப் பிடித்தார்.

கொஞ்சம் இறக்கினார். இழுத்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மறுபடி இறக்கினார். வடம் அறுந்தால் அது யாரை அடிக்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கைப்பிடியில் நிற்பவரைத்தான். மணலக்கா கண்ணை மூடவில்லை. தான் எழுதிய நான்கு வரி இந்த மனிதரை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது.

நான்காவது முறை, ஒரு குலுக்கலோடு முள் விழுந்தது. கோபுரம் முழுக்க அதிர்ந்தது. குழாய் மேலே வரத்தொடங்கியது.

கடைசிச் சல்லடைக் குழாயைப் படுக்கவைத்து ஒரு முனையைச் சாய்த்தார்கள். உள்ளிருந்து எண்ணெயோடு சாம்பல்நிறச் சேறு கொழகொழவென்று வழிந்தது. சில மணி நேரத்துக்குள், கீறல் வழியாக அவ்வளவு மணல் உள்ளே வந்திருந்தது. அண்ணன் குனிந்து விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். நறநறப்பே தட்டவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கொஞ்சம் நிழல்ல போய் நில்லு," என்றார். "விழுந்துகிழுந்து வைக்காத."

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் மேலாளர். மூடிய அறையில் நடந்த பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அவர் அதே நாற்காலியில் தொடர்ந்தார். மேலே கேட்காமல் இழுத்தது ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டார்கள்.

"அவங்க சொன்னாங்க. முடிவு என்னோடது. சேத்த வேணா கொண்டாந்து காட்டட்டுமா?" என்றார். அவர்மீது நடவடிக்கை இல்லை. மணலக்காவை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துப் பம்புப் பட்டறைக்கு மாற்றினார்கள். வெளுத்த கோட்டைக் கழற்றி, நீலச் சட்டை மாட்டினாள். முதல் மாதம் அழுகை வந்தது. பிறகு, தேய்ந்த பம்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கப் பார்க்க, இத்தனை வருடமாகத் தாளில் எழுதியதெல்லாம் எஃகின் மேல் என்ன செய்தது என்று தெரிந்தது. அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

பதினேழாம் கிணற்றுக்குக் குறுகிய கீறல் குழாய்கள் புதிதாக வந்து இறங்கின. பத்து மாதம் கழித்து, வழக்கமான பராமரிப்புக்காக அதன் பம்பு பட்டறைக்கு வந்தது. பொருத்துநர் அதைப் பிரிக்கும்போது ஏதோ சாமான் வாங்க அண்ணனும் வந்திருந்தார். சாமான் வாங்கியபிறகும் போகாமல் நின்றார். மணலக்கா தண்டைக் கழுவி வெளிச்சத்தில் திருப்பினாள். அங்கங்கே மெல்லிய கோடுகள் இருந்தன. ஆனாலும் உருளைக்குள் விட்டால் ஆடாமல் போய் உட்கார்ந்தது.

"இன்னும் ஒரு வருஷம் ஓடும்," என்றார் பொருத்துநர்.

அண்ணன் தலையாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுத் தண்ணித் தொட்டியக் கழுவணும். ஒத்தை ஆளா முடியாது. வர்றியா?"

"எத்தன மணிக்கு?"

"காலைல வந்துரு. வெயிலுக்கு முன்னாடி முடிச்சுரலாம்."